சீசனுக்கு முன் குடித்தனம்

வர்க்கலாவில் வீடு மாற நினைப்பவர்கள் பஞ்சாங்கம் பார்த்தால் மட்டும் போதாது. சுற்றுலாப் பயணிகளின் காலண்டரையும் புரட்ட வேண்டும்.

வர்க்கலா ஸ்டேஷன் வாசலில் நிற்கும் ஆட்டோ டிரைவர்களுக்கு வருகிறவரின் ஊரோ மொழியோ முக்கியமல்ல. முதுகுப்பையோடு வந்தால் வடக்கு கிளிஃப். பித்தளைச் செம்போடு குடும்பமாக வந்தால் பாபநாசம். மஞ்சள் வேட்டி கட்டியிருந்தால் சிவகிரி. கேட்காமலே வண்டியைக் கிளப்பிவிடலாம். இந்த மூன்றிலும் சேராத நான்காவது ரகம் ஒன்று உண்டு: இங்கேயே குடித்தனம் வைக்க வீடு தேடி வருபவர்கள். வங்கி மாற்றலில் வருபவர், ஓய்வுபெற்ற பிறகு கடற்காற்றை நாடுபவர், 2020-க்குப் பிறகு லேப்டாப்பே அலுவலகமாகிவிட்டவர். இவர்களை எங்கே இறக்கிவிடுவது என்பதில் டிரைவருக்கும் குழப்பம்தான்.

திருவனந்தபுரத்துக்கு வடக்கே சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் இந்தச் சின்ன நகராட்சியின் அழகே அதன் சிக்கலும். கேரளத்தின் கடற்கரை பெரும்பாலும் தட்டையானது. இங்கேயோ செம்பாறை மேடு நேராக வந்து கடலின் முகத்தில் நிற்கிறது. மேலே செம்மண்ணும் செம்பாறையும், அதற்குக் கீழே மணற்கல்லும் களிமண்ணும் என்று அடுக்கடுக்காகத் தெரியும் இந்தப் பாறைமுகத்தை இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம் பாதுகாக்கப்பட வேண்டிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. மேட்டின் விளிம்பில் நடைபாதை. அதை ஒட்டி விடுதிகள், மீன் உணவகங்கள், துணிக்கடைகள், யோகா வகுப்புகள். சற்றுத் தெற்கே ஜனார்த்தன சுவாமி கோயிலும் அதன் கீழே பாபநாசக் கடற்கரையும். உள்ளே தள்ளி ரயில் நிலையம், மைதானம் ஜங்ஷன், சந்தை. ரயில் பாதைக்குக் கிழக்கே ஸ்ரீநாராயண குரு 1928-ல் சமாதியடைந்த சிவகிரிக் குன்று. எல்லாம் சில கிலோமீட்டருக்குள் அடக்கம்.

இத்தனை சிறிய ஊரில் வீட்டுக்கு இரண்டு விலை. ஒன்று மாத விலை. மற்றது இரவு விலை. ஒரு வீட்டில் மூன்று அறைகள், ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் பாதி நாட்கள் நிரம்பினாலே 90,000 ரூபாய். எந்தக் குடித்தனக்காரராலும் அந்த வாடகையைக் கொடுக்க முடியாது. வீட்டுக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. நவம்பர் முதல் மார்ச் வரை ஐந்து மாதம் சம்பாதித்ததில்தான் அவரும் மீதி ஏழு மாதம் ஓட்ட வேண்டும். ஆகவே சுற்றுலா ஊரில் வீடு தேடும் குடும்பம் மற்றொரு குடும்பத்தோடு போட்டி போடுவதில்லை. இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகும் விருந்தாளியோடு போட்டி போடுகிறது. வீட்டைத் தேர்ந்தெடுப்பது முதல் லாரி ஏற்பாடு செய்வது வரை எல்லாத் திட்டமும் இதைப் புரிந்துகொள்வதில்தான் தொடங்குகிறது.

இரண்டு காலண்டர்கள்

ஊரின் ஆண்டு இப்படிப் போகிறது. ஜூன் முதல் வாரத்தில் தென்மேற்குப் பருவமழை. கிளிஃபில் பாதிக் கடைகளுக்கு நீல தார்ப்பாய் போர்த்தப்படும். கேரளக் கடலில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. கட்டுமரமும் வள்ளமும் கொண்டுவருவதுதான் மீன். விலை ஏறும். ஜூலை நடுவில் கர்க்கிடகம் பிறக்கிறது. நம் ஆடி. 'பஞ்ஞக் கர்க்கிடகம்' என்று பெயரெடுத்த மாதம். வீடுகளில் எழுத்தச்சனின் ராமாயணம் படிப்பார்கள். அந்த அமாவாசையன்று பாபநாசத்தில் முன்னோருக்குப் பலியிட ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள். ஆகஸ்ட் 17-ஐ ஒட்டிச் சிங்கம் பிறக்கும். அது மலையாளப் புத்தாண்டு, ஓணத்தின் மாதம். அக்டோபர், நவம்பரில் இடியோடு துலாவர்ஷம். அது ஓய்ந்ததும் சீசன் சூடுபிடிக்கும். டிசம்பர் 30 முதல் ஜனவரி 1 வரை சிவகிரி யாத்திரை. அதே நாட்களில் கிளிஃபில் புத்தாண்டுக் கொண்டாட்டம். மஞ்சள் வேட்டிகளும் பார்ட்டிச் சட்டைகளும் ஒரே சாலையில் நெருக்கியடிக்கும். அந்த வாரத்தில் லாரி கொண்டுவர நினைப்பவர் தைரியசாலி.

மனை மாற உகந்த காலம் எது? சந்தைக் கணக்குப்படி கர்க்கிடகம். வீடுகள் காலி. உரிமையாளர்கள் இறங்கி வருவார்கள். ஆனால் ஆடியில் நம்மவர்கள் குடிபோவதில்லை, கர்க்கிடகத்தில் மலையாளிகளும் குடிபோவதில்லை. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே நம்பிக்கை இருப்பதால் அந்த மாதத்தில் பேரமே நடக்காமல் போகிறது. இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. கர்க்கிடகத்தில் வந்து வீடு பாருங்கள், வாடகை பேசுங்கள். சாமானோடு வருவதைச் சிங்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீடு பார்ப்பதற்கு எந்தப் பஞ்சாங்கமும் தடை சொல்லவில்லை. இரண்டு மழைக்கும் நடுவே வரும் ஓண வெயிலில் சாமான் நனையாமல் இறங்கும்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் கணக்கு மாறும். கேரளத்தில் பள்ளிகள் ஜூன் முதல் வாரத்தில் திறந்துவிடும். அவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் வந்துவிட வேண்டும். அப்போதும் சீசன் முடிந்திருக்கும் என்பதால் பேரத்துக்கு இடமுண்டு. 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி கேரளத்தில் சி.பி.எஸ்.இ. உள்பட எல்லாப் பள்ளிகளிலும் பத்தாம் வகுப்பு வரை மலையாளம் கட்டாயப் பாடம். வெளிமாநிலப் பிள்ளைகளுக்குச் சில விலக்குகள் உண்டு. சேர்க்கும் நாளிலேயே தலைமையாசிரியரிடம் பேசிவிடுவது நல்லது.

வீட்டைப் படிப்பது

விருந்தாளிக்காகக் கட்டிய வீடும் குடும்பத்துக்காகக் கட்டிய வீடும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ளே போனால் தெரிந்துவிடும். ஒவ்வொரு அறைக்கும் தனிக் குளியலறை, தனிப் பூட்டு, ஆளுயரக் கண்ணாடி; சமையலறை மட்டும் மாடிப்படிக்கு அடியில் ஒரு மேடை. இது இரவு விலைக்குக் கட்டிய வீடு. இன்று உங்களுக்குத் தந்தாலும் நவம்பரில் அதன் புத்தி மாறும். சமையலறைக்குப் பின்னால் தேங்காய் துருவவும் மீன் கழுவவும் 'வொர்க் ஏரியா', மழைக்காலத்தில் துணி உலர்த்தக் கூரைக்குக் கீழே இடம், முற்றத்தில் கிணறு. இவை இருந்தால் அங்கே யாரோ வாழ்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கடல் தெரியும் ஜன்னலுக்கு ஆசைப்படாமல் இருப்பது கடினம்தான். ஆனால் மேட்டின் மேல் விழும் மழைநீர் செம்பாறை வழியே இறங்கி, களிமண் அடுக்கில் தேங்கி, பக்கவாட்டில் ஊற்றாகக் கசிகிறது. பயணிகள் படமெடுக்கும் அந்த ஊற்றுகள்தான் பாறையின் அடிவயிற்றை இளக்குபவையும். அலை கீழே அரிக்க, தண்ணீர் நடுவே இளக்க, மழைக்காலத்தில் விளிம்பு சரிந்து விழுவது இங்கே புதிய செய்தியல்ல. விளிம்பு வீடு இரண்டு நாள் தங்குபவருக்கு. பத்து வருடச் சாமானோடு வருபவர் உள்ளே தள்ளியே இருக்க வேண்டும். மைதானம் ஜங்ஷனைச் சுற்றியும் ரயில் பாதைக்குக் கிழக்கேயும் ஊர் மக்கள் குடியிருக்கிறார்கள். மளிகையும் மருந்துக்கடையும் பேருந்தும் அங்கேதான். கடல் எங்கும் ஓடிவிடாது, மாலையில் நடந்து போய்ப் பார்க்கலாம்.

வேனிலில் பார்த்தால் கிணற்றைச் சோதிக்கலாம். மழையில் பார்த்தால் கூரையைச் சோதிக்கலாம். மே மாதத்தில் வீடு பார்ப்பவர் கிணற்றில் எத்தனை உறை தண்ணீர் நிற்கிறது, உப்புக் கரிக்கிறதா என்று பார்க்க வேண்டும். செம்பாறை நிலத்துக் கிணற்று நீருக்குப் பொதுவாக லேசான அமிலத்தன்மை உண்டு, இரும்புக் குழாய்களை அரிக்கும். குடிப்பதற்கு முன் பரிசோதனைக்குக் கொடுப்பது அவசியம். ஜூலையில் பார்ப்பவர் சுவர் மூலைகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். புதிதாகப் பெயின்ட் அடித்த ஒற்றைச் சுவர் இருந்தால் அதன் கதையைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

இன்னொன்று, கட்டிட எண். கேரளத்தில் உள்ளாட்சி அமைப்பு, கட்டிடம் விதிப்படி முடிந்தது என்று ஏற்ற பிறகுதான் முறையான எண் தருகிறது. கடலோர ஒழுங்குமுறை விதிகள் உள்ள ஊரில் எல்லா வீட்டுக்கும் அது கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. எண் இல்லாத வீட்டின் முகவரியை வைத்து ஆதாரும் ரேஷன் கார்டும் மாற்றப் போனால் அலைச்சல்தான். மின் இணைப்பு வீட்டுக் கட்டணத்தில் இருக்கிறதா, வணிகக் கட்டணத்தில் இருக்கிறதா என்பதையும் பழைய பில்லைக் கேட்டுப் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இங்கே 100 யூனிட் இலவசம் கிடையாது. மாதக் கணக்கில் 250 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே உயர்ந்த விகிதம். ஏ.சி. போட்டுத் தூங்கும் பழக்கத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் வரும்.

பதினோரு மாதத்தில் ஒரு கண்ணி

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது சட்டம். அதனால்தான் நாடு முழுவதும் வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்குப் போடப்படுகிறது. மற்ற ஊர்களில் அந்தப் பதினோரு மாதம் எங்கே தொடங்கி எங்கே முடிந்தாலும் பெரிய வித்தியாசமில்லை. சுற்றுலா ஊரில் அதுதான் எல்லாமே. டிசம்பரில் கையெழுத்தான ஒப்பந்தம் அக்டோபர் கடைசியில் முடியும். சரியாகச் சீசன் வாசலில். மழைக்காலம் முழுவதும் வீட்டைக் காற்றோட்டமாக வைத்து, கூரை ஒழுகினால் சொல்லி, தோட்டத்தில் களை பிடுங்கிய குடித்தனக்காரரிடம், நவம்பரில் 'அடுத்த வருடம் பார்க்கலாம்' என்று சிரித்தபடி உரிமையாளர் சொல்லிவிடலாம். நடுப்பருவத்தில் பிள்ளைகளின் பள்ளியை விட்டுவிட்டு எங்கே போவது? ஊரில் மற்ற வீடுகளும் அந்த மாதம் இரவு விலைக்குப் போயிருக்கும்.

சிங்கத்தில் தொடங்கும் ஒப்பந்தம் ஜூலையில் முடியும். மே மாதத்தில் தொடங்குவது மார்ச் கடைசியில் முடியும். இரண்டிலும் சீசன் முழுவதும் உங்கள் பக்கம். புதுப்பிக்கப் பேசும் நாளில் உரிமையாளருக்கு முன்னால் காலி மாதங்கள் நிற்கும். இந்த ஒரு தேதிக்காக வாடகையில் ஆயிரம் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை காலி செய்யச் சொல்வதில்லை, மற்ற மாதங்களில் இரண்டு மாத நோட்டீஸ், கூரையும் கிணற்று மோட்டாரும் யார் பொறுப்பு. இந்த மூன்றையும் முத்திரைத்தாளில் எழுதி வாங்குவது நல்லது. வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை என்பதல்ல. வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளரின் மகன் விடுமுறைக்கு வந்து கணக்குப் பார்க்கும்போது வாய்வார்த்தை அவர் காதில் விழுந்திருக்காது.

எதை ஏற்றுவது, யார் இறக்குவது

எதைக் கொண்டுவரக் கூடாது என்பதை உப்புக்காற்று தீர்மானிக்கிறது. இரும்பு பீரோ ஒரு மழைக்காலம் தாண்டினால் கீலில் துரு பூக்கும். பிளைவுட் அலமாரி ஊதும். புத்தகங்களில் பூஞ்சை படியும். பாட்டி காலத்துத் தேக்குக் கட்டில் எதற்கும் அசையாது. விற்பதை விற்றுவிட்டு, பாத்திரம், மரச்சாமான், துணிமணி என்று சுருக்கினால் சின்ன லாரியில் அடங்கும். அதில் இன்னொரு லாபமும் உண்டு. தேசிய நெடுஞ்சாலை 66-ல் கல்லம்பலத்தில் திரும்பி மேற்கே சுமார் பத்து கிலோமீட்டர் வந்தால் ஊர். ஆனால் ஊருக்குள் பல வீடுகளுக்குப் போவது இரண்டு செம்பாறை மதில்களுக்கு நடுவிலான சந்து. பெரிய லாரி வாயிலேயே நின்றுவிடும். குட்டி யானையோ பெட்டி ஆட்டோவோ வைத்து மறுபடி ஏற்றி இறக்கும் செலவைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சந்தின் அகலத்தை வீடு பார்க்கும் அன்றே அளந்துவிடலாம்.

சாமான் கொண்டுவருவது வர்க்கலாவுக்குப் பழைய தலைவலி. ரயில் வருவதற்கு முன்னால் திருவிதாங்கூரின் சரக்குகள் காயல்களையும் கால்வாய்களையும் பிடித்து வள்ளத்தில் போயின. அந்த நீர்வழியை மறித்து நின்றது இந்தச் செம்பாறை மேடு. மேட்டைக் குடைந்து இரண்டு சுரங்கங்கள் அமைத்தார்கள். ஒன்று சுமார் 280 மீட்டர், மற்றது 700 மீட்டருக்கு மேல். 1880-ல் வேலை முடிந்தது. 1918-ல் கொல்லம் - திருவனந்தபுரம் ரயில் பாதை திறந்ததும் வள்ளங்களின் மவுசு குறைந்தது. இருட்டுக்குள் வள்ளத்தில் உரலையும் அண்டாவையும் ஏற்றிக்கொண்டு போனவர்களை நினைத்தால் இன்றைய சந்து ஒரு சிக்கலே அல்ல.

இன்றைய பயம் வேறு. கேரளத்துக்குக் குடிபெயரும் எவருக்கும் அக்கம்பக்கத்தார் தவறாமல் சொல்லும் வார்த்தை 'நோக்குகூலி'. சாமானைத் தொடாமல், இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கேட்கப்படும் கூலி. சுமைத் தொழிலாளர்களின் வேலையையும் நலநிதியையும் ஒழுங்குபடுத்த 1978-ல் வந்த சட்டம் ஒரு நல்ல சட்டம். அதன் நிழலில் வளர்ந்த கெட்ட வழக்கம் இது. மாநில அரசு 2018 மே 1 முதல் இதைத் தடை செய்தது. 2021-ல் கேரள உயர் நீதிமன்றமும் கடுமையாகக் கண்டித்தது. வீட்டு உபயோகச் சாமான்களைத் தாமே இறக்கவும் தாம் விரும்பும் ஆட்களை வைத்து இறக்கவும் வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு என்பதை 2002-ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாக்கிவிட்டது. கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. தொழிலாளர் துறையிலோ காவல் நிலையத்திலோ புகார் தரலாம்.

ஆனால் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதல் நாளே சண்டைக்கு நிற்பதும் புத்திசாலித்தனமல்ல. ஃபிரிட்ஜையும் தேக்குக் கட்டிலையும் மதில் இடிக்காமல் சந்துக்குள் கொண்டுபோகத் தெரிந்தவர்கள் அந்த நீலச் சட்டைக்காரர்கள்தான். முந்தின நாளே போய், சாமான் பட்டியலைக் காட்டி, தொழிலாளர் துறை நிர்ணயித்த விகிதத்தைக் கேட்டு, மொத்தத் தொகையைப் பேசி முடித்துவிட்டால் காலை பத்து மணிக்குள் வேலை முடியும். மாலையில் லாரி வந்தால் மழையும் வரும், பேரமும் வரும்.

மீதியெல்லாம் காகிதம். பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு இ-வே பில் தேவையில்லை. ஆனாலும் கையெழுத்திட்ட பட்டியல் ஒன்று டிரைவரிடம் இருக்கட்டும். காஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் லாரியில் ஏற்றக் கூடாது. பழைய ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டையும் மாற்றல் சீட்டையும் வாங்கிவர வேண்டும். வெளிமாநில எண் கொண்ட கார் இங்கே 12 மாதத்துக்கு மேல் நின்றால் மறுபதிவு கட்டாயம். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ.விடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் இடம் மாற 8-ஆம் படிவம். வீடு வந்து சேர்ந்த முதல் மாதமே ஹரித கர்ம சேனாப் பெண்கள் பிளாஸ்டிக் குப்பை வாங்க வருவார்கள். மாதக் கட்டணம் சிறியது. அவர்கள் தரும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், உள்ளாட்சி அலுவலகத்தில் எந்த வேலைக்குப் போனாலும் கேட்பார்கள்.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். வர்க்கலா மட்டுமல்ல, கடற்கரை கொண்ட சிற்றூர்கள் பலவற்றிலும் வீடுகள் ஒவ்வொன்றாக அறைகளாகிக்கொண்டிருக்கின்றன. விருந்தாளிக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம், ரேஷன் கடை வேண்டாம், ஜூலையில் பால்காரர் வேண்டாம். இவையெல்லாம் நிலைப்பது பன்னிரண்டு மாதமும் விளக்கெரியும் வீடுகளால். மழையில் கிளிஃப் அடங்கிக் கிடக்கும்போது மைதானம் ஜங்ஷனில் காய்கறி விற்பவரைப் போய்ப் பாருங்கள். அவருக்கு உங்கள் பெயர் தெரியாது, ஆனால் சாம்பாருக்கு எந்தக் காய் எடுப்பீர்கள் என்பது தெரியும். அதற்கு ஒரு வருடம் பிடிக்கும். அந்த வருடம் அக்டோபரில் முடிந்துவிடாதபடி தேதி குறித்துக்கொண்டு வருவதே இந்த ஊரில் குடித்தனத்தின் முதல் வேலை.